ஒரு சீட் கட்சிக்கு நான்கு வழி: தனித்தா, கூட்டணியா, இணைப்பா, வெளியிலிருந்து ஆதரவா?

டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில், ஆட்கள் சேர்ந்து கட்சி, தேர்தல், அவை எல்லாம் வைத்து விளையாடும் கற்பனை நாடுகள் உண்டு. அங்கே சின்னக் கட்சிக்கு ஒரு வழக்கமான உருவம் உண்டு. உறுப்பினர் பட்டியலில் 12 பெயர் இருக்கும். வாரம் ஒருமுறையாவது வாய் திறப்பவர்கள் 4 பேர். தேர்தலில் விழுவது 5 ஓட்டு. அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்ததும் கட்சி சேனலில் ஒரே கேள்விதான் ஓடும்: தனியாக நிற்பதா, யாரோடாவது சேருவதா, கடையை மூடிவிட்டுப் பெரிய கட்சியில் கலந்துவிடுவதா, ஜெயித்த பிறகு வெளியிலிருந்து ஆதரவு கொடுப்பதா?

சென்னையில் குழு சேர்த்து விளையாடுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி கூடுதல் சிக்கல். தமிழக அரசியலைப் பார்த்தே வளர்ந்ததால் 'கூட்டணி இல்லாமல் ஜெயிக்க முடியாது' என்ற எண்ணம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. சட்டமன்றத் தேர்தலுக்கு அது பொருந்தும். தேமுதிக 2006-இல் தனித்து நின்று 8 சதவீதத்துக்குச் சற்று மேல் ஓட்டு வாங்கியது. கிடைத்தது 1 தொகுதி. 2011-இல் அதிமுக கூட்டணியில் 41 தொகுதிகளில் நின்றபோது ஓட்டு 8 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியது, தொகுதிகளோ 29. ஓட்டு குறைந்து சீட் ஏறிய இந்தக் கணக்கு, தொகுதிக்கு ஒருவர் ஜெயிக்கும் முறையால் வந்தது. உங்கள் கற்பனை நாடு விகிதாச்சார முறையில், அதாவது ஓட்டு விகிதத்துக்கு ஏற்ப சீட் என்ற முறையில், ஓடுகிறது என்றால் இந்தப் பாடத்தை அப்படியே கொண்டுபோனால் நஷ்டம்தான்.

ஆகவே கொள்கை அறிக்கையைத் தொடுவதற்கு முன்னால் அந்த நாட்டின் தேர்தல் சட்டத்தைத் திறந்து நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஓட்டை எந்த முறையில் சீட்டாக மாற்றுகிறார்கள், குறைந்தபட்ச ஓட்டு சதவீதம் உண்டா, ஜெயித்த சீட் கட்சிக்குச் சொந்தமா அல்லது ஆளுக்கா, அவையில் ஒரு வாக்கெடுப்பு எத்தனை மணி நேரம் திறந்திருக்கும்.

கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்

11 சீட் உள்ள அவை, 52 ஓட்டு என்று வைத்துக்கொள்வோம். க கட்சிக்கு 22, ச கட்சிக்கு 16, ட கட்சிக்கு 9, உங்கள் ப கட்சிக்கு 5. பல நாடுகளில் இருப்பது டி ஹோன்ட் முறை. ஒவ்வொரு கட்சியின் ஓட்டையும் 1, 2, 3, 4 என்று வரிசையாக வகுத்து, வரும் எண்களில் பெரிய 11-ஐ எடுக்க வேண்டும். இங்கே அந்த 11 எண்கள்: 22, 16, 11, 9, 8, 7.33, 5.5, 5.33, 5, 4.5, 4.4. அதில் 5 உங்களுடையது. முடிவு: க 5, ச 3, ட 2, ப 1.

இப்போது உங்கள் ஆட்கள் இருவர் ஓட்டுப் போட மறந்துவிட்டார்கள் என்று வையுங்கள். 5 என்பது 3 ஆகிறது. ச கட்சியின் 16-ஐ 4-ஆல் வகுத்தால் 4. அது உங்கள் 3-ஐத் தள்ளிவிட்டு உள்ளே வந்துவிடும். ச கட்சிக்கு 4 சீட், உங்களுக்குப் பூஜ்யம். ஒருவர் மட்டும் மறந்திருந்தால் 4-க்கு 4 சமன். சமன் வந்தால் என்ன என்று உங்கள் சட்டம் சொல்கிறதா பாருங்கள். 'மொத்த ஓட்டு அதிகம் உள்ள கட்சிக்கு' என்று இருந்தால் சமன் எப்போதும் உங்களுக்குத் தோல்விதான். 'குலுக்கல்' என்று இருந்தால் பாதி வாய்ப்பு.

அதே 3 ஓட்டை சாந்த் லாகூ முறையில் போட்டுப் பாருங்கள். அதில் வகுக்கும் எண்கள் 1, 3, 5, 7, 9. பெரிய 11 எண்களில் கடைசி 2.44, உங்கள் 3 அதற்கு மேலே நிற்கிறது. சீட் கிடைத்துவிடும். முதல் வகுப்பெண்ணை 1-க்குப் பதில் 1.4 என்று வைத்திருக்கும் நாடாக இருந்தால் 3 என்பது 2.14 ஆகி மறுபடி வெளியே. ஒரே ஓட்டு, மூன்று சட்டம், மூன்று கணக்கு. இதைப் போடாமல் கூட்டணிப் பேச்சுக்குப் போகிற கட்சிக்குத் தன் விலை தெரியாது.

குறைந்தபட்ச சதவீதம் இன்னும் மோசமான பொறி. 10 சதவீதம் என்று சட்டம் இருந்தால், 52-இல் 5 ஓட்டு 9.6 சதவீதம். சீட் கணக்கில் ஜெயித்தும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அப்போது இன்னும் ஒரே ஒரு ஓட்டு தேவை: 53-இல் 6 என்றால் தாண்டிவிடலாம். போலந்தில் கட்சிக்கு 5 சதவீதம், கூட்டணிப் பட்டியலுக்கு 8 சதவீதம் என்று வைத்திருப்பதுபோல, உங்கள் நாட்டிலும் கூட்டுப் பட்டியலுக்குத் தனி வரம்பு இருக்கலாம். அதையும் பாருங்கள்.

ஒற்றை மாற்று வாக்கு, அதாவது நம் மாநிலங்களவைத் தேர்தலில் எம்எல்ஏக்கள் விருப்பவரிசை எழுதிப் போடும் முறை, சின்னக் கட்சிக்கு நல்ல முறை. 52 ஓட்டை 12-ஆல் (11 சீட்டோடு 1 கூட்டியது) வகுத்துப் பின்னத்தை விட்டு 1 கூட்டினால் 5. உங்கள் 5 பேரும் ஒரே ஆளுக்கு முதல் விருப்பம் எழுதினால் முதல் சுற்றிலேயே ஜெயம். இங்கே கட்சிகள் செய்யும் தப்பு, ஆசைப்பட்டு இரண்டு பேரை நிறுத்துவது. 3, 2 என்று பிரிந்து, 2 வாங்கியவர் வெளியேறும்போது அவருடைய வாக்காளர்களில் ஒருவர் இரண்டாம் விருப்பம் எழுதாமல் விட்டிருந்தால், அந்த ஓட்டு காற்றோடு போச்சு.

அவைக்குள் 1 சீட்டின் எடை

மேலே வந்த முடிவையே எடுத்துக்கொள்வோம்: 5, 3, 2, 1. பெரும்பான்மைக்கு 6. க கட்சி ச-வோடு சேரலாம், ட-வோடு சேரலாம், உங்களோடும் சேரலாம். எதுவாக இருந்தாலும் 6 வந்துவிடும். க இல்லாமல் ஆட்சி வேண்டுமென்றால் ச, ட, ப மூவரும் சேர்ந்தால்தான் 6. அப்படியென்றால் பெரும்பான்மை வரும் எல்லாச் சேர்க்கைகளிலும் ஒரு கட்சி விலகினால் கவிழும் நிலை எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் க-வுக்கு 6, ச-வுக்கு 2, ட-வுக்கு 2, உங்களுக்கும் 2. மூன்று சீட் வைத்திருக்கும் ச கட்சிக்கும் ஒரு சீட் வைத்திருக்கும் உங்களுக்கும் பேரம் பேசும் பலம் சமம்.

நான்கு வழிகளையும் எடைபோட இந்த ஒரு உண்மை போதும். எந்த வழி இந்தச் சமத்தைக் காப்பாற்றுகிறது, எந்த வழி அதை விற்றுத் தொலைக்கிறது?

இணைப்பு: எப்போது சரி, எப்போது தப்பு

ச கட்சியோடு இணைந்தால் அவை 5, 4, 2 ஆகும். எந்த இருவர் சேர்ந்தாலும் ஜெயம். மூன்று கட்சிக்கும் பலம் மூன்றில் ஒன்று. முன்பு ச-வும் நீங்களும் தனித்தனியாக வைத்திருந்ததைக் கூட்டினால் 6, 2, 2, 2 என்ற மொத்தம் 12-இல் 4, அதாவது அதே மூன்றில் ஒன்று. ஆக, இணைந்ததால் வெளியே எதுவும் கூடவில்லை. உள்ளேயோ நீங்கள் நான்கில் ஒருவர். மற்ற மூவர் எடுக்கும் முடிவுக்குக் கொறடா உத்தரவு வரும், நீங்கள் கை தூக்க வேண்டும்.

க கட்சியோடு இணைவது வேறு கணக்கு. உங்கள் 5 ஓட்டும் அப்படியே போனால் க-வுக்கு 27 ஓட்டு, 6 சீட், தனிப் பெரும்பான்மை. அந்த ஆறாவது சீட் உங்களால் வந்தது. ஆனால் கட்சி வரிசைப்படுத்தித் தரும் வேட்பாளர் பட்டியலில் மேலிருந்துதான் சீட் போகும்; அதில் உங்கள் ஆளை ஆறாவது இடத்தில் போடச் சம்மதித்தீர்கள் என்றால் அபாயம் முழுவதும் உங்கள் தலையில். உங்கள் ஐந்து பேரில் மூவர்தான் க-வுக்குப் போட்டு, மனம் ஒப்பாத இருவர் ச-வுக்குப் போனால், க 25, ச 18, ட 9. சீட் 5, 4, 2. உங்கள் ஆறாவது இடம் வெளியே நிற்கும். கட்சியும் போய்விட்டது, சீட்டும் இல்லை. பெரிய கட்சிப் பட்டியலில் சேர்வதாக இருந்தால் போன தேர்தலில் அவர்கள் வாங்கிய எண்ணிக்கையைவிட ஒன்று கீழே, இங்கே நான்காவது இடத்துக்குள், கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இணைப்பு சரியான முடிவு என்று நான் ஒரே நிலையில்தான் சொல்வேன்: உண்மையில் இயங்குபவர்கள் 3 பேருக்கும் குறைந்துவிட்டால். ஒருவர் அவையில், ஒருவர் ஆள் சேர்ப்பில், ஒருவர் இருவருக்கும் மாற்று. இது இல்லாமல் கட்சி நடத்தினால் ஒரு தேர்வு வாரத்தில் எல்லாம் நின்றுபோகும். அப்போதும் பழைய கட்சி சேனலை அழிக்காமல் பூட்டி மட்டும் வையுங்கள். மசோதா வரைவுகளும் பழைய விவாதங்களும்தான் கட்சியின் சொத்து.

இந்திய மாதிரியில் சட்டம் எழுதிய நாடுகளில் கட்சித் தாவல் தடை இருக்கும். நம் அரசமைப்பின் பத்தாவது அட்டவணை 1985-இல் வந்தது. மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் பிரிந்தால் பதவி தப்பும் என்ற விதிவிலக்கை 2003-இல் 91-ஆவது திருத்தம் நீக்கியது. இப்போது இணைப்புக்கு அவைக் கட்சியில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் வேண்டும். இந்த விதியை அப்படியே நகலெடுத்த நாட்டில் உங்களுக்கு ஒரே உறுப்பினர் என்றால், மூன்றில் இரண்டு பங்கு என்பதே அந்த ஒருவர்தான். அவர் ராத்திரி 11 மணிக்கு மனம் மாறினால் கட்சியே மாறிவிடும். 'இணைப்புக்குக் கட்சியின் இயங்கும் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும்' என்று உங்கள் கட்சி விதியில் எழுதி, அதைத் தேர்தல் அதிகாரியிடம் பதிவுசெய்துவிடுங்கள்.

தேர்தலுக்கு முந்தைய கூட்டணி

ட-வும் நீங்களும் கூட்டுப் பட்டியல் போட்டால் 14 ஓட்டு, 3 சீட். தனித்தனியாக நின்றால் 2, 1. கூட்டினால் அதே 3. டி ஹோன்ட் முறையில் கூட்டணியால் மொத்தம் குறையாது, சில சமயம் ஒன்று கூடும். இந்த எண்களில் கூடவில்லை. ஆக, கூட்டுப் பட்டியல் போட ஒரே நல்ல காரணம் குறைந்தபட்ச சதவீதத்தைத் தாண்டுவது, அல்லது உங்கள் 5 ஓட்டு 3 ஆகிவிடும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். அப்படிச் சேர்ந்தால் பட்டியலில் ட, ப, ட என்று இரண்டாவது இடம் கேளுங்கள். மூன்றாவது இடம் வேண்டாம்.

யார் சின்னத்தில், யார் பெயரில் என்பது இன்னொரு கேள்வி. 2019 மக்களவைத் தேர்தலில் விசிகவின் ஒரு வேட்பாளர் சிதம்பரத்தில் பானைச் சின்னத்திலும், இன்னொருவர் விழுப்புரத்தில் உதயசூரியனிலும் நின்று இருவரும் ஜெயித்தார்கள். பெரிய கட்சியின் சின்னத்தில் நின்று ஜெயித்தவர் சட்டக் கணக்கில் அந்தப் பெரிய கட்சியின் உறுப்பினராகிவிடுகிறார். கற்பனை நாடுகளிலும் இதேதான்: பட்டியல் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, சீட் காலியானால் அடுத்த ஆளை நியமிக்கும் உரிமையும் அவர்களுக்கே போகும். உங்கள் உறுப்பினர் செமஸ்டர் சுமையில் ராஜினாமா செய்தால் அந்த இடத்தில் ட கட்சிக்காரர் உட்கார்ந்துவிடுவார். 'ப இடத்துக்கு ப-வே ஆள் தரும்' என்ற ஒரு வரி, கூட்டணி ஒப்பந்தத்தில் கட்டாயம்.

தனித்து நின்று வெளியிலிருந்து ஆதரவு

குறைந்தபட்ச சதவீதம் இல்லாத, அல்லது தாண்டக்கூடிய நாட்டில் என் பரிந்துரை இதுதான்: தேர்தலில் தனி, அவையில் எழுத்துப்பூர்வ வெளி ஆதரவு. மேலே சொன்ன பேர பலம் முழுசாகக் கையில் இருப்பது இந்த ஒரு வழியில்தான். 2006-இல் திமுக 234-இல் 96 இடங்களோடு ஆட்சி அமைத்தது. பெரும்பான்மைக்கு 118 வேண்டும். 34 இடம் வைத்திருந்த காங்கிரஸ் வெளியிலிருந்தே ஆதரவு தந்தது. ஆட்சி ஐந்து ஆண்டும் ஓடியது. மத்தியில் 2004-இல் இடதுசாரிகள் குறைந்தபட்ச பொதுச் செயல்திட்டத்தின் பேரில் ஆதரவு தந்து, அணுசக்தி ஒப்பந்தப் பிரச்சினையில் 2008-இல் விலக்கிக்கொண்டார்கள். எதற்கு ஆதரவு, எதற்கு இல்லை என்பது ஊருக்குத் தெரிந்திருந்தால்தான் விலகும்போதும் மரியாதை இருக்கும்.

ஒப்பந்தம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். உங்கள் ஓட்டு எதற்குக் கட்டுப்பட்டது என்று முதல் வரியில் வரட்டும்: நம்பிக்கை வாக்கெடுப்பு, பட்ஜெட், இந்த இரண்டு மட்டும். அடுத்து உங்களுக்கு வேண்டிய ஒன்றிரண்டு மசோதா; 'தேர்தல் சீர்திருத்தம் பரிசீலிக்கப்படும்' என்று எழுதினால் பரிசீலித்துக்கொண்டே இருப்பார்கள், ஆகவே மசோதாவின் முழு வாசகத்தையும் ஒப்பந்தத்தோடு இணையுங்கள். ஆட்சி பதவியேற்று 14 நாளுக்குள் அது அவையில் வாக்கெடுப்புக்கு வர வேண்டும் என்று தேதி போடுங்கள். விலகுவதென்றால் 72 மணி நேர முன்னறிவிப்பு என்று இரு பக்கமும் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு எல்லோரும் பார்க்கும்படி பொதுச் சேனலின் மேலே குத்தி (pin) வையுங்கள். தனிச் செய்தியில் போட்ட ஒப்பந்தம், தலைவர் மாறிய அன்றே செத்துப்போகும்.

கேட்க வேண்டிய முதல் மசோதா எது? குறைந்தபட்ச சதவீதத்தைக் குறைப்பது, அல்லது சாந்த் லாகூ முறைக்கு மாற்றுவது. அடுத்த தேர்தலில் 3 ஓட்டோடும் உயிரோடு இருக்க அது வழி செய்யும். கொள்கை மசோதா அதற்கு அடுத்துதான்.

பேச்சுவார்த்தையில் பெரிய கட்சி ஆசையாக நீட்டுவது சபாநாயகர் பதவி. கௌரவம் உண்டு, சரி. ஆனால் நம் அரசமைப்பு மாதிரியில் சபாநாயகர் முதலில் ஓட்டுப் போட முடியாது. சமன் வந்தால் மட்டும்தான். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் க 5, எதிரே ச-வும் ட-வும் சேர்ந்து 5. எல்லோரும் வந்தால் சமன், முடிவு உங்கள் கையில். எதிர்க்கட்சியில் ஒருவர் வராமல் போனால் 5-க்கு 4, உங்கள் ஓட்டுக்கு வேலையே இல்லை. வருகை ஒழுங்காக இல்லாத அவையில் இந்தப் பதவியை ஏற்காதீர்கள்.

அமைச்சரவையில் சேர்ந்தே ஆக வேண்டுமென்றால் நிதி, வெளியுறவு இரண்டையும் தவிருங்கள். வாரம் முழுக்க ஸ்பிரெட்ஷீட்டும் தூது வேலையும் சேர்ந்து உங்கள் நான்கு பேரையும் தின்றுவிடும். புதியவர்களை வரவேற்கும் துறையைக் கேளுங்கள். நாட்டுக்குள் வருகிற ஒவ்வொருவரும் முதலில் பேசுவது உங்கள் ஆளோடு என்றால், அடுத்த தேர்தலில் 5 ஓட்டு 8 ஆவது பெரிய காரியமில்லை. துறையில் உட்கார்ந்துகொண்டு வெளிப்படையாகக் கட்சிக்கு ஆள் பிடிக்காதீர்கள். புகார் வந்தால் முதலில் போவது அந்தத் துறைதான்.

சென்னைக் குழுக்களுக்கு வரும் தடங்கல்கள்

எந்த வழியை எடுத்தாலும் ஆளும் நேரமும் ஒத்துவந்தால்தான் நடக்கும். அவை வாக்கெடுப்பு 48 மணி நேரம் திறந்திருந்தால் நைட் ஷிஃப்ட் ஊழியர் சமாளித்துவிடுவார். 24 மணி என்றால் உறுப்பினருக்குப் பதில் ஓட்டுப் போட இரண்டு பேரைக் குறிக்கும் உரிமையைச் சட்டம் தருகிறதா என்று பாருங்கள். தராவிட்டால் அவை உறுப்பினராக ஷிஃப்ட் ஆளை நிறுத்தாதீர்கள். கல்லூரி செமஸ்டர் தேர்வுகள் நவம்பர், டிசம்பரிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் வரும். அந்த வாரங்களில் தேர்தல் வந்தால் மாணவர் ஓட்டை நம்பித் தனித்து நிற்பது ஆபத்து. அப்போது மட்டும் ட-வோடு கூட்டுப் பட்டியல் நல்லது. பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். ஜனவரி 14 முதல் 17 வரை வாக்குப்பதிவு வைக்காதீர்கள் என்று தேர்தல் அதிகாரியிடம் முன்கூட்டியே கேட்பதில் தப்பில்லை.

இன்னொரு சிக்கலைப் பலர் தேர்தல் நாளில்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஒரே ஹாஸ்டல் வைஃபையில் இருக்கும் நான்கு பேர் ஓட்டுப் போட்டால் வெளியே தெரிவது ஒரே ஐபி முகவரி, அதாவது ஒரே இணைய முகவரி. கள்ள ஓட்டுச் சோதனை வைத்திருக்கும் நாட்டில் மூன்று ஓட்டு செல்லாது என்று தள்ளப்படலாம். 5 என்பது 2 ஆகிவிடும். வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பே, இன்னார் இன்னார் ஒரே கட்டடத்தில் இருக்கிறோம் என்று தேர்தல் அதிகாரிக்கு எழுதி, குரல் அழைப்பிலோ வேறு வழியிலோ தனித்தனி ஆட்கள் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். சோதனை ஐபி அளவில் மட்டும் என்றால் ஆளுக்கொரு மொபைல் டேட்டாவில் போடலாம் என்று தோன்றும். மொபைல் நெட்வொர்க்கிலும் பலர் ஒரே முகவரியைப் பகிர்வது உண்டு, ஆகவே முன்கூட்டிச் சொல்வதே பாதுகாப்பு.

நீங்கள் விளையாடுவது நேஷன்ஸ்டேட்ஸ் என்ற இணைய விளையாட்டின் பிராந்தியம் ஒன்றில் (ஆளுக்கொரு நாடு வைத்திருப்பவர்கள் சேர்ந்த குழு) என்றால் வாக்காளர் தகுதியையும் கவனியுங்கள். 2002-இல் தொடங்கிய அந்த விளையாட்டில் 28 நாள் உள்ளே வராதவரின் நாடு மறைந்துவிடும். விடுமுறை நிலையை இயக்கி வைத்தால் 60 நாள். குடியுரிமைக்கு நாடு உயிரோடு இருக்க வேண்டும் என்று பிராந்தியச் சட்டம் சொன்னால், தேர்வுக்குப் படிக்கப்போகும் ஒவ்வொருவரும் போவதற்கு முன் அந்த அமைப்பை மாற்றிவிட்டுப் போக வேண்டும்.

முடிவெடுக்கும் கடைசி நேரம் வேட்புமனு முடியும் நாளுக்கு 5 நாள் முன்பு. அன்று இரவு கட்சி சேனலில் ஒரு கணக்கெடுப்பு வையுங்கள்: 'வாக்குப்பதிவு நாளில் நிச்சயம் இருப்பேன்' என்று பதில் சொன்னவர்களை மட்டும் எண்ணுங்கள். மௌனமாக இருப்பவர்களைச் சேர்க்காதீர்கள். மற்ற கட்சிகளை மட்டும் வைத்து மேலே உள்ள வகுத்தலைப் போட்டு, கடைசி சீட்டுக்கு வரும் எண்ணைவிட (மேலே உள்ள கணக்கில் 4) உங்கள் எண் 1 அதிகம் இருந்தால் தனித்து நில்லுங்கள். சமமாகவோ குறைவாகவோ இருந்தால் மறுநாள் காலையே ட கட்சியிடம் பேசுங்கள். மனு முடியும் நாள் வரை காத்திருந்தால் அவர்கள் பட்டியல் நிரம்பிவிடும்.